தாலி ஏறினால் மட்டும் போதுமா?

தையோ ஆவணியோ பிறந்துவிட்டால் தோட்டங்களில் கல்யாணக் களை கட்டிவிடும். கோயில் முன் பந்தல், வாழைமரம், மேளம், லயத்துக்கு லயம் அழைப்பு. கூட்டுப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, போதாததற்குக் கடனும் பட்டுச் செலவு செய்கிறோம். படம் பிடிக்கிறவருக்கும் சமையல்காரருக்கும் மூன்று மாதத்துக்கு முன்பே முன்பணம் போய்விடுகிறது. பதிவிலாகாவுக்கு ஒரு நடை போய் வரத்தான் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை!

"ஊர் முன்னால, சாமி முன்னால தாலி கட்டியாச்சு, அப்புறம் எதுக்குங்க காகிதம்?" என்று கேட்பவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். தாலியின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி இந்நாட்டில் அமலுக்கு வந்தது. அன்று தொட்டு, இஸ்லாமியர் அல்லாதார் திருமணங்கள் அச்சட்டப்படியே நடந்து பதிவாக வேண்டும். அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, "எங்க பாட்டன் பாட்டி எங்கே போய்ப் பதிஞ்சாங்க?" என்ற பேச்சு இன்றைக்குச் செல்லாது.

பதியாமல் விட்டதன் பலனை அனுபவிப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். பெற்றோர் திருமணம் பதிவாகவில்லையென்றால், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயரை எழுதுவதற்கே தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்காமல் விட்டால் அந்த இடத்தில் "மக்லுமாட் தீடாக் டிப்பெரோலேஹி", அதாவது தகவல் கிடைக்கவில்லை என்று இருக்கும். தகப்பனோ அடுத்த அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்! பள்ளிக்கூடம் போய் மலாய் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒரு நாள் அதை வாசிக்காமலா இருக்கும்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை வந்து சேருவதில்லை. நமது அரசியல் சாசனம் தாயின் நிலையைத்தான் பார்க்கிறது. தாய் குடிமகளாக இருந்தால் தொல்லை குறைவு. தாய் வெளிநாட்டவரென்றாலோ, அவருக்கே அடையாளக் கார்டு இல்லையென்றாலோ, நீல அடையாளக் கார்டு வைத்திருக்கும் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகூட நாடற்றதாகிவிடலாம். பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் அடையாளக் கார்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது இந்தப் பிள்ளை வீட்டில் நிற்கும். பின்னர் வங்கிக் கணக்கு, வாகன லைசென்ஸ், நல்ல வேலை என்று ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி.

"பிறகு பதிஞ்சுக்கலாம், எல்லாம் சரியாப் போயிடும்" என்றும் எண்ண வேண்டாம். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கு 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். பிள்ளை பிறந்த ஐந்து மாதத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அப்படியிருந்தும் ஏழு நீதிபதிகளில் நால்வர் குடியுரிமை இல்லையென்றே தீர்ப்பளித்தார்கள்.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் என்று பேசும் அதே சபையில், எந்தத் தேதியில் பதிவு என்றும் கேளுங்கள். பதிவான கணவன் இன்னொருத்தியைக் கட்டினால் அந்த இரண்டாம் திருமணம் சட்டத்தில் செல்லாது. பதியாதவன் நாளை வேறொரு பெண்ணோடு பதிவிலாகா வாசலில் நின்றால், நம் பெண் எதைக் காட்டித் தடுப்பாள்? மரத்திலிருந்து விழுந்தோ, லாரி மோதியோ கணவன் இறந்துவிட்டால், சொக்சோ அலுவலகத்தில் முதலில் கேட்பதும் திருமணப் பத்திரத்தைத்தான். சேமநிதியில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியவர்கள் பலர் அதை மறந்தே போகிறார்கள்.

"பதியலாமா?" என்று மனைவி கேட்டால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சீறுகிற ஆண்கள் உண்டு. அவள் கேட்பது நம்பிக்கையின்மையால் அல்ல, பிள்ளைகளை நினைத்துத்தான். ஒரு நாள் பேரைப் போட்டாலும் பரவாயில்லை என்று பெரட்டுக்குப் போகாமல் அவளோடு புறப்படுகிற கணவனை அவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் இப்போது பரவி வருகிறது. நிச்சயம் முடிந்த கையோடு பதிந்துவிட்டு, தாலிக்கு ஒரு வருடம் காத்திருக்கிறார்கள். இடையில் மனக்கசப்பு வந்தால், "தாலிதான் ஏறலையே" என்று சொல்லிப் பிரிந்துவிட முடியாது. பதிந்த நாளிலிருந்தே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. பிரிவதென்றால் நீதிமன்றம்தான், பதிந்து இரண்டு வருடம் ஆகாமல் சாதாரணமாக மனுவும் போட முடியாது. ஆகவே பதிவையும் தாலியையும் நெருங்கிய நாட்களில் வைத்துக்கொள்வதே நல்லது என்பது நமது கருத்து. சில கோயில்களில் துணைப் பதிவதிகாரிகள் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளவும் வழியுண்டு.

பதியாமலேயே குடும்பம் நடத்துபவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட வேண்டாம். இருவரும் அடையாளக் கார்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பதிவிலாகாவுக்குப் போய் நிலையைச் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பத்திரமே இல்லையென்றால் பிறந்த கிளினிக்கின் சீட்டையும் தேடி எடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை நாடலாம். கிடைத்த பத்திரங்களை மைலோ டின்னில் போட்டு மூடுவதற்கு முன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். லயத்து வீட்டில் கரையானும் உண்டு, வெள்ளமும் உண்டு.