பசுமைக் குடிலும் உப்புத் தண்ணீரும்

சிவகாசிப் பக்கத்து வெயிலை வையாதவர் இல்லை. ஆயினும் அந்தச் சீமைக்குச் சோறு போட்டதும் அதே வெயில்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். குச்சியும் காகிதமும் மருந்தும் ஈரமின்றி உலர்வதற்கு அதைவிட உகந்த ஸ்தலம் ஏது? ஆனால் பட்டாசுக்கு நண்பனான வெயில் கத்தரிக்கும் தக்காளிக்கும் நண்பனல்ல. மழை குறைந்த பூமியில் மண்ணின் உப்பைக் கழுவிச் செல்ல நீர் இல்லை. கிணற்றை ஆழப்படுத்தினால் பல இடங்களில் உவர் ஜலமே மேலே வருகிறது.

இப்போது விருதுநகர் ஜில்லாக் குடியானவர்களிடமும் பசுமைக் குடில் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. இரும்புக் குழாய்களின் மீது பாலிதீன் தாளைப் போர்த்தி உள்ளே வெள்ளரி, குடைமிளகாய் பயிரிடுவது. ஸர்க்கார் தோட்டக்கலைத் திட்டத்தில், நிர்ணயித்த செலவில் பாதியை மானியமாகத் தருகிறார்கள். மீதிப் பாதிக்குக் கடன் வாங்கவேண்டும். ஆகையால் குடும்பத்தார் கையெழுத்திடுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

இருபத்தைந்து சென்ட் குடில், அதாவது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் என்றால் 4,000 லிட்டர். நீரின் உப்பை அதன் மின்கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள்; அளவுக்கு டெசிசீமன்ஸ் என்று பெயர். 2 டெசிசீமன்ஸ் உள்ள கிணற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் உப்பு உண்டு. தினம் ஐந்து கிலோ. 120 நாள் பயிருக்கு 600 கிலோவுக்கு மேல்! பயிர் அதில் எடுத்துக்கொள்வது சொற்பம். திறந்த வெளியாயின் ஐப்பசி மழை கொஞ்சத்தையாவது அடியில் கொண்டுபோகும். இங்கோ கூரை மழையைத் தடுத்துவிட்டது. நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. முதல் போகத்தில் காய்த்த குடில் பின்னர் ஓய்வதற்கு விதையையும் கம்பெனியையும் குறைகூறிப் பயனில்லை.

எல்லாப் பயிரும் ஒரே மாதிரி வருந்துவதில்லை. வேர்மண் சாற்றில் 2.5 டெசிசீமன்ஸ் வரை தக்காளியும் வெள்ளரியும் தாங்கும். தக்காளிக்கு அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் மகசூலில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். குடைமிளகாய் 1.5-லேயே சோரத் தொடங்கும். பீன்ஸோ 1-ஐத் தாண்டினாலே போதும், ஒவ்வோர் அலகுக்கும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பீட்ரூட் 4 வரை பொறுமைசாலி. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உவர் நீரிலேயே தக்காளி வளர்க்கிறார்கள். பழம் சிறுத்தாலும் இனிப்பு கூடுகிறது. ஆனால் அங்கே மணற்பாங்கான மண்; உப்பு கீழே வடிகிறது. நம் கரிசலில் நீர் இறங்காது. பாத்தியை உயர்த்தி, அடியில் வடிகால் வைக்காமல் அந்த வித்தையைப் பின்பற்றுவது வீண்.

உவர் வேறு, களர் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். அதை விடுவிக்க ஜிப்ஸம் வேண்டும். வெறும் உவருக்கு ஜிப்ஸம் போடுவது உப்புக்கு உப்பைச் சேர்ப்பதே. அதற்கு வேண்டுவது நல்ல நீரும் வடிகாலும். எது எது என்பதை வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனை நிலையமே சொல்லும். மண்ணோடு கிணற்று நீரையும் ஒரு புட்டியில் கொடுத்துவிடுங்கள்.

வேடிக்கையான விஷயம் ஒன்று. பட்டாசில் சேரும் வெடியுப்புத்தான் குடில் பயிருக்கும் உரம்! பொட்டாசியம் நைட்ரேட் என்று வகுப்பில் சொன்னால் முகம் சுளிக்கிற பிள்ளைகள், இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உவர் உள்ள இடத்தில் மலிவான பொட்டாஷ் உரத்தைவிட இதுவே மேல். அதிலுள்ள குளோரைடு இதில் இல்லை. எனினும் இதுவும் உப்பே. அளவு மீறினால் தீமைதான்.

மானியம் வாங்கியே தீருவதென்றால் முதலில் கூரையைப் பாருங்கள். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த 1,000 சதுர மீட்டர் கூரையில் 8 லட்சம் லிட்டர் விழுகிறது. ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 6.4 லட்சம். பயிருக்கு வேண்டியது 4.8 லட்சம்! பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டிவிடுவதால் தார்ப்பாய் விரித்த குட்டை வேண்டும். பாதி ஆவியாகிப் போனாலும் மிச்சத்தைக் கிணற்று நீரோடு கலந்தால் உப்பு பாதியாகும். சொட்டுநீர்க் குழாய் செடியின் அடியிலேயே இருக்கட்டும். உப்பு ஈரத்தின் ஓரத்துக்கு ஒதுங்கும். தென்னை நார்க் கழிவுப் பைகளில் வளர்ப்பதாயின் நாரை முன்னதாகக் கழுவுங்கள். அதிலும் உப்பு உண்டு.

குட்டைக்கு இடமில்லாதவர்களுக்கு என் யோசனை நிழல்வலைக் குடில். விலை குறைவு, உள்ளே வெப்பமும் குறைவு, மழையும் வலை வழியே இறங்கி மண்ணைக் கழுவும்.