பாட்டி எப்போது ஆரோக்கியமாக இருந்தாள்?

போன மாதம் பேத்தி படிக்கும் பள்ளியில் 'அன்றும் இன்றும்' என்று ஒரு விழா. தாத்தா பாட்டிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வீட்டுக்காரியும் போனோம். எங்களை உட்கார வைத்த நாற்காலி வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு மேஜை. அதன் மேல் அரிக்கேன் விளக்கு, முறம், பித்தளைச் செம்பு, கடையில் வாங்கிய உள்ளங்கை அகல அம்மி. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் மேல்தான் ஒட்டவில்லை.

பேத்தி இரண்டாம் வகுப்பு. மேடையேறி மனப்பாடமாக ஒப்பித்தாள். "அந்தக் காலத்தில் பாட்டி அம்மியில் அரைத்தார். ஆரோக்கியமாக இருந்தார். இந்தக் காலத்தில் மிக்ஸியில் அரைக்கிறோம். நோய் வருகிறது." பலத்த கைதட்டல். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் காதோரம் சாய்ந்து, "நான் எப்பங்க ஆரோக்கியமா இருந்தேன்?" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டீச்சரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மியில் அரைத்தால் ஆரோக்கியம் என்று அவருக்குச் சொன்னது யார்? நாம்தான். காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பத்துப் பேருக்கு அனுப்புகிறோமே, நம் வயசுக்காரர்கள்தான்.

அந்தக் காலத்துச் சாப்பாட்டினால் தாத்தா தொண்ணூறு வயது இருந்தார் என்போம். இருந்தவரைப் பற்றித்தான் பேசுகிறோம், போனவர்களை யார் கணக்கில் எடுக்கிறோம்? சுதந்திரம் வந்த சமயத்தில் இந்த நாட்டில் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இன்று எழுபதை ஒட்டி இருக்கிறது. என் அம்மா பெற்றது எட்டு, தங்கியது ஐந்து. இதை நான் எந்தப் பேரப்பிள்ளைக்கும் சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொல்லையில் வேப்பமரத்தடியில் கிடக்கும் அம்மியைக் கழுவி, ஒரு பிடி தேங்காயும் இரண்டு மிளகாயும் வைத்து, "அரைம்மா" என்றேன். முதல் நிமிஷம் ஒரே குஷி. மூன்றாவது நிமிஷம் குழவி நகரவில்லை. ஐந்தாவது நிமிஷம் மிளகாய்க் கையோடு கண்ணைத் தேய்க்கப் போனாள், நல்லவேளை பாட்டி பிடித்துக்கொண்டாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "பாட்டி, நீ எவ்வளவு நேரம் அரைப்பே?"

அப்புறம் பாட்டி பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டில் பதினோரு பேர். இட்லிக்கு ஆட்டுக்கல்லில் அரிசியும் உளுந்தும் ஆட்டி முடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போகும். அதற்கு முன்னால் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். ஏழாம் மாதத்திலும் ஆட்டியிருக்கிறாள். கையில் மாவோடு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டு மாமியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். இதில் பாதி எனக்கே புதுசு. ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான்.

"அப்ப தாத்தா என்ன பண்ணுவாங்க?" என்றாள் பேத்தி.

"திண்ணையில உக்காந்து பேப்பர் படிப்பாங்க."

மேடையில் ஒப்பித்த நாலு வரியில் இது எங்கே இருந்தது? 2011இல் அரசாங்கம் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது, சோம்பேறியாக்குகிறார்கள் என்று என்னிடம் அலுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

பழசெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்துப் பத்துப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்ததற்கு ஈடாக இன்று ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அரிக்கேன் விளக்கைக் காட்டினால் போதாது. அதை யார் துடைத்தார்கள், புகை யார் கண்ணுக்குள் போயிற்று, ஏன் விட்டோம் என்று கேட்க விட வேண்டும். ஏழு வயதுக்கு அந்தக் கேள்விகள் தானாகவே வருகின்றன. நாம்தான் மனப்பாடம் பண்ணச் சொல்லி அடைத்துவிடுகிறோம்.

காட்டுவதற்குப் பொருள் தேடிக் கடைக்கும் போக வேண்டாம். என் இடது கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையில் இல்லை, அவள் அம்மா கையிலும் இல்லை. ஏன் இல்லை? 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை யாருக்கும் வரவில்லை, 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியும் ஊசியும் என்ன செய்தன என்று காட்ட இதைவிடப் பெரிய சார்ட் எதற்கு?

"தாத்தா, நீ ராஜா காலத்துல பொறந்தியா?" என்று அவள் கேட்டதற்கும் வழி கண்டுபிடித்தோம். கூடத்தில் ஒரு கொடிக்கயிறு கட்டி, பத்து வருஷத்துக்கு ஒரு முடிச்சு போட்டோம். அவளுக்கு ஒரு முடிச்சுகூட வரவில்லை. எனக்கு ஏழு தாண்டியது. சென்னையில் டிவி வந்த 1975, தந்தியை நிறுத்திய 2013 எல்லாவற்றையும் துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டோம். ராஜாவுக்குக் கயிறு தெருக்கோடி வரை போக வேண்டும் என்றதும் புரிந்துகொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவள் கொல்லைச் சுவரைப் பார்க்கும் வரை. சந்துப் பக்கம், தரையை ஒட்டி, ஒரு முழச் சதுரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்த தடம். "இது என்ன ஜன்னல், இவ்வளவு கீழே?"

எடுப்புக் கக்கூஸ் இருந்த இடம். 1978இல் செப்டிக் டேங்க் கட்டியபோது அடைத்தோம். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கச் சட்டமே 1993இல்தான் வந்தது. எந்த 'அன்றும் இன்றும்' விழாவிலும் இதற்கு மேஜை கிடையாது. ஏழு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வதா என்று தயங்கினேன். அப்புறம் சொன்னேன். தினமும் விடியற்காலையில் ஒரு அம்மா சந்து வழியாக வருவார், இந்த ஓட்டையில் கைவிட்டு வாரிக் கூடையில் தலைமேல் சுமந்து போவார், மழையில் அது ஒழுகும், அவரை நாங்கள் வாசல் வழியாக வரவிட்டதில்லை என்று.

முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். "அந்த அம்மா பேரு என்ன தாத்தா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது, ஞாபகசக்தி கெட்டி. எங்கள் வீட்டுப் பசுமாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்வாள். போன் போட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பேரா? நாம யாரும் கேட்டதில்லையேடா" என்றாள்.