முழங்கால் வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல



பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பெருநகரத்திற்கு வந்த தாய்மார் அநேகர் நம் இல்லங்களில் உள்ளனர். வயல் வரப்பிலும் கிணற்றடியிலும் நடந்து பழகிய கால்கள், மும்பையிலோ டெல்லியிலோ மூன்றாம் மாடி வீட்டிற்குள் அடங்கிவிடுகின்றன. நாளடைவில் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது. “அம்மா, நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருங்கள்” என்று பிள்ளைகள் அன்புடன் சொல்லுகிறார்கள். அந்த அன்பே அவர்களை முடக்கிவிடக்கூடும்.

முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் இடத்தை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகிய காரணங்களால் அது தேய்வதையே மூட்டுத் தேய்மானம் என்கிறோம். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டிலுள்ள திரவமே அதற்கு உணவு. நடக்கும்போது மூட்டு அழுந்தி விடுபடுவதால் அந்த உணவு உள்ளே செல்கிறது. நடையை நிறுத்தினால் இது குறைவதோடு, தொடையின் முன்பக்கத் தசையும் மெலிந்து, அது தாங்கவேண்டிய பாரம் மூட்டின்மேல் விழுகிறது. வலி கூடுகிறது, வலி கூடுவதால் நடை இன்னும் குறைகிறது.

இதை மாற்ற வீட்டிலேயே செய்யக்கூடியவை:

1. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி 5 வினாடிகள் நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்களாகும், பொறுமை அவசியம்.

2. சமதளத்தில் தினமும் 10 நிமிடம் நடக்கத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள்.

3. உடல் எடை அதிகமெனில் குறையுங்கள். 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

4. ஒரு காலில் மட்டும் வலியெனில், கைத்தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலியுள்ள காலையும் முதலில் வையுங்கள்.

5. வலி மிகுந்த நாட்களில் தரையில் சம்மணமிடுவதையும் குந்தி அமர்வதையும் தவிருங்கள். முழங்காற்படியிட இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே ஜெபிக்கலாம். அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

மருந்துக்கடையில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் உண்டு. அவை வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். பெயர் அச்சிடப்படாத மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. அது முதலில் வலியை அடக்கும். பின்னர் எலும்பையே பலவீனமாக்கும்.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்கலாகாது. காய்ச்சலுடன் மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலும், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. விரைவில் தொடங்குவது நல்லது.

இவற்றையெல்லாம் செய்தும் இரவில் உறங்கவோ வீட்டிற்குள் நடக்கவோ முடியாத நிலை வந்தால், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை குறித்து எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவை 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கின்றன. அவற்றின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. எனவே, எந்த வகை மூட்டு, என்ன விலை என்பதை முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் தசைப் பயிற்சி வேண்டும் என்பதை மறவாதிருங்கள்.

பிள்ளைகளே, இன்று மாலை அலுவலகத்திலிருந்து திரும்பியதும் உங்கள் தாயாரின் கையைப் பிடித்து, மெதுவாகப் படியிறங்கி, கீழே பத்து நிமிடம் அவர்களோடு நடந்து வாருங்கள். வலிக்கு வாங்கித் தரும் தைலத்தைவிட அந்தப் பத்து நிமிடம் அவர்களுக்கு அதிக நன்மை செய்யும்.