தேங்காய்த் தண்ணீரில் விளையும் புண்கட்டு

புண்ணின் வலியைவிடக் கட்டுப் பிரிக்கும் வேளையின் வலியே பெரிது என்று கூறும் நோயாளிகள் பலர். காய்ந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதை உரிக்கும்போது அரும்பத் தொடங்கிய புதுத் தோலும் பெயர்ந்து வந்துவிடுகிறது. தீக்காயம் பட்ட குழந்தைக்கும், சர்க்கரை நோயால் காலில் புண் கண்ட முதியவருக்கும், படுக்கைப் புண்ணால் வாடுபவருக்கும் இது நாள்தோறும் நேரும் துன்பம். உடன் வரும் உறவினருக்கோ அன்றைய கூலி இழப்பும் பேருந்துச் செலவும் அதனோடு சேர்கின்றன. இத்துன்பத்தைக் குறைக்கக்கூடிய பொருள் ஒன்று, நம் பகுதியில் தரையில் கொட்டப்படும் தேங்காய்த் தண்ணீரிலிருந்தே விளையக்கூடியது. அதை ஏழை நோயாளிக்கும் எட்டச் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வினிகர் எனப்படும் காடி நாள்பட்டால் அதன் மேற்பரப்பில் வழுவழுப்பான ஏடு படர்வதுண்டு. அந்த ஏட்டை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா என்பதையும், ஏடு செல்லுலோஸால் ஆனது என்பதையும் 1886ஆம் ஆண்டில் ஏட்ரியன் ஜான் பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதினார். அந்த நுண்ணுயிரை இன்று கோமகட்டைபாக்டர் சைலினஸ் என்று அழைக்கின்றனர். அது சர்க்கரையை உண்டு, காற்றுப்படும் மேற்பரப்பில் மிக நுண்ணிய இழைகளை நூற்று வலைபோல் பின்னுகிறது. நாம் காயத்தில் வைக்கும் பஞ்சும் செல்லுலோஸே. ஆனால் இந்த இழை, பருத்தி இழையைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லியது. அதனால் 100 கிராம் ஈர ஏட்டில் ஏறக்குறைய 98 கிராம் நீரே தங்கியிருக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டினர் தேங்காய்த் தண்ணீரை இவ்வாறு நொதிக்கவைத்து, நாட்டா டி கோகோ என்னும் இனிப்புப் பண்டமாக நெடுங்காலமாக உண்டு வருகின்றனர்.

இதற்கும் புண்ணுக்கும் என்ன தொடர்பு? புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைத்தால்தான் ஆறும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைந்து படர்கிறது என்பதை 1962ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் நடத்திய சோதனையில் காட்டினார். நுண்ணுயிர் தந்த இந்த ஏட்டை எரிசோடாவில் கொதிக்கவைத்து, பாக்டீரியாவின் எச்சம் முழுவதையும் நீக்கி, கிருமியற்றதாக்கிப் புண்ணின்மேல் பரப்பினால், அது ஈரத்தைக் காக்கிறது. கசியும் நீரை ஏற்கிறது. நரம்பு முனைகளை மூடி வலியைக் குறைக்கிறது. தூய மேலோட்டமான காயத்தில் பல நாள் அப்படியே இருந்து, தோல் வளர வளரத் தானே உதிர்கிறது. பிரேசில் மருத்துவர்கள் 1980களிலேயே தீக்காயங்களுக்கு இதைத் தற்காலிகத் தோலாகப் பயன்படுத்தினர்.

எளிய பொருளிலிருந்து புண்கட்டுச் செய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. மும்பை மருத்துவர்கள் 1980களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கிருமி நீக்கித் தீக்காயங்களுக்குக் கட்டினர். வாழையிலையும் அவ்வாறே ஆராயப்பட்டது. அந்த வரிசையில் தேங்காய்த் தண்ணீருக்கும் இடம் உண்டு.

வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை எத்தனை குடும்பங்களைத் தாங்குகிறது என்பதை, 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் மரங்களைச் சாய்த்தபோது நாம் கண்ணீருடன் அறிந்தோம். கொப்பரைக்காக முற்றிய தேங்காயை உடைக்கும்போது அதன் தண்ணீர் பெரும்பாலும் வீணாகிறது. கேரளத்தில் கொச்சியைச் சார்ந்த மலாய் என்ற நிறுவனம், அத்தகைய தண்ணீரில் செல்லுலோஸ் வளர்த்துத் தோலுக்கு மாற்றான பொருளைச் செய்து, பைகளுக்கும் காலணிகளுக்கும் தருகிறது. பைக்கு ஆகும் பொருள் புண்ணுக்கும் ஆகாதா? ஆகும், ஆனால் மருத்துவத் தரத்துக்கான தூய்மையும் சோதனையும் உரிமமும் அதற்குத் தேவை. அம்முயற்சியை அரசும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ள வேண்டும். நொதிப்புக்கு வேண்டிய ஊட்டநீரே இதன் செலவில் பெரும்பங்கு வகிக்கிறது. அது இங்கே கழிவாகக் கிடைக்கிறது.

இத்தகைய உறை ஒன்றின் விலை காஸ் துணியைவிடக் கூடுதல்தானே என்று கேட்கலாம். உண்மையே. ஆனால் ஒரு கட்டின் விலையை மட்டும் எண்ணுவது சரியான கணக்கன்று. எத்தனை கட்டுகள், எத்தனை பயணங்கள், எத்தனை நாள் கூலி என்று கூட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் பொருள்களைத் தேர்வு செய்கையில் இந்த முழுக் கணக்கையும் பார்க்க வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.

நம்பிக்கை ஊட்டும்போது எல்லையையும் சொல்வது கடமை. இந்த ஏடு தன்னளவில் கிருமியைக் கொல்லாது. சீழ் பிடித்த புண்ணையும் அழுகிய சதையுள்ள புண்ணையும் முதலில் மருத்துவர் தூய்மை செய்தாக வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கு எந்தக் கட்டும் தனியே தீர்வாகாது. சர்க்கரை கட்டுப்பட வேண்டும், காலுக்கு இரத்த ஓட்டம் இருக்க வேண்டும், புண்பட்ட இடத்தில் உடல் எடை ஊன்றாதிருக்க வேண்டும். இவை தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த உறையும் வீணே. அனைத்திலும் முக்கியமானது: காடியிலோ புளித்த தேநீரிலோ வீட்டில் படரும் ஏட்டை ஒருபோதும் புண்ணில் வைக்காதீர்கள். அதில் உயிருள்ள நுண்ணுயிர்களும் அமிலமும் உள்ளன.

அடுத்த முறை கட்டு மாற்ற வரும்போது செவிலியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தப் புண்ணை ஈரமாக வைக்க வேண்டுமா? ஒட்டாத கட்டு இதற்குப் பொருந்துமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்? கட்டை உரிக்குமுன் உப்புநீரால் நனைக்கும்படியும் கேட்கலாம். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. வலியைப் பொறுப்பது நோயாளியின் கடமையன்று. அதைக் குறைக்க வழி தேடுவது நம் அனைவரின் கடமை.