ஊர்சுற்றல் இழுக்கன்று

'ஊர் சுற்றுதல்' என்னும் தொடர் நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்டது. பாடம் படிக்காத பிள்ளையையும் வேலைக்குச் செல்லாத இளைஞனையும் சுட்டவே அதனை வழங்குகிறோம். ஆயின் 14ஆம் நூற்றாண்டில் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு நம் மதுரைவரை வந்து சென்ற இபுனு பதூதா ஊர் சுற்றியவர்தாம். இராகுல சாங்கிருத்தியாயனோ ஊர்சுற்றலுக்கென்றே ஒரு நூல் எழுதினார். தமிழில் அது 'ஊர்சுற்றிப் புராணம்' எனப் பெயர் பெற்றது. அத்துணைத் தொலைவு செல்லுமாறு மாணவர்களை நாம் தூண்டவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து மிதிவண்டியில் ஒரு வட்டம் வந்து, லுஹர்த் தொழுகைக்கு முன் வீடு சேரும் ஊர்சுற்றலையே இங்கு பரிந்துரைக்கிறோம்.

வழி எளியது. காவிரியின் தென்கரை வழியே சர்க்கார்பாளையம், பனையக்குறிச்சி, அரசங்குடி, தோகூர் கடந்து கல்லணை சேர்தல். அணையைக் கடந்து வடகரை ஏறி, கிளிக்கூடு, உத்தமர்சீலி, திருவளர்சோலை வழியே திருவானைக்காவலுக்கு வந்து, காவிரிப் பாலத்தின்மேல் நகருக்கு மீளுதல். தொடங்கும் தெருவைப் பொறுத்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மேடு பள்ளம் மிகுதியில்லை. போன வழியே திரும்புவது பேருந்துக்குரிய வழக்கம். ஆற்றின் இரு கரையையும் ஒரே காலையில் காண்பவனுக்கே அந்த ஆறு விளங்கும்.

கல்லணையைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதாத மாணவர் நம் துறையில் இல்லை. கரிகாலன் கட்டினான் என்பர். அடுத்த வரியில் பட்டினப்பாலையின் பெயர் வந்துவிடும். அணை எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் 'நீரைத் தேக்க' என்பர். அது சரியான விடையன்று. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில் மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் நீர் அப்பள்ளத்தில் சரிந்து வீணாகிவிடாமல் தஞ்சை வயல்களை நோக்கித் திருப்பி விடுவதே கல்லணையின் முதற்பணி. இதனை நாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறோம். மாணவர் கொட்டாவி விட்டனர். அணைமீது மிதிவண்டியை நிறுத்தி, ஒருபுறம் நிறைந்து நிற்கும் நீரையும் மறுபுறம் தாழ்ந்து கிடக்கும் மணலையும் பார்த்த ஒருவன், "ஐயா, இது தேக்கமில்லை, தடுப்பு" என்றான். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இவ்வணையின் அடித்தளம் கண்டு வியந்ததையும், 1836இல் முக்கொம்பில் மேலணை எழுந்ததையும், தெற்கே பிரியும் புதுஆறு 1934இல் மேட்டூர் அணையோடு வந்ததையும் அதன்பின் சொல்ல நமக்கு எளிதாயிற்று.

மீளும் வழி இன்னும் சுவையுடையது. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்து, அரங்கம் சேர்ந்து, ஓடத்தில் தென்கரை கடந்து உறையூர் புகுகின்றனர். அவர்கள் மிதித்த தடம் இதுவேதான் என்று எவரும் அறுதியிட்டுரைக்க இயலாது. ஆயின் திசை இதுவே, கரையும் இதுவே. வயல்வழி சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடுமே என்று கவுந்தியடிகள் அஞ்சும் இடத்தை, உத்தமர்சீலி அருகே சேற்று வரப்பில் நின்று விளக்கியபோது உரைநூல் தேவைப்படவில்லை. (காதையின் பெயரே 'நாடு காண்' என்பதாயிருக்க, நாம் அதனை நாற்சுவருக்குள் நடத்தி வந்தது வேடிக்கைதான்.)

காற்றைப் பற்றி ஒரு சொல். ஆனி, ஆடியில் மேல்காற்று கடுமையானது. போகும்போது முதுகில் தள்ளி மகிழ்விக்கும் அதே காற்று திரும்பும்போது மார்பில் மோதி ஆளை நிறுத்திவிடும். ஆற்றில் நீர் வரும் பருவமும் அதுவே என்பதால் ஆசை விடாது. ஆகவே ஃபஜ்ரு தொழுத கையோடு புறப்பட்டுவிட வேண்டும். மார்கழி, தையில் இத்தொல்லை இல்லை. சாலை குறுகியது; லாரிகள் வரும்; ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். பங்சர் ஒட்டும் பெட்டியும் காற்றடிக்கும் பம்பும் உடன் இருத்தல் நலம். அவை இல்லாமையால் நாம் ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

சென்ற தை மாதம் நம்முடன் வந்தோர் ஒன்பதின்மர். அவர்களுள் சொந்த மிதிவண்டி உடையோர் மூவரே. ஏனையோருக்கும் மேனிலைப் பள்ளியில் அரசு விலையில்லா மிதிவண்டி கொடுத்திருந்தது. சிலருடையது விற்கப்பட்டுவிட்டது, சிலருடையது மாடிப்படிக்கட்டின் கீழ் காற்றிறங்கிக் கிடக்கிறது. கல்லூரிக்கு வந்ததும் மிதிவண்டி ஏறுவது மதிப்புக் குறைவு என்றொரு எண்ணம் எப்படியோ புகுந்துவிட்டது. இதற்கு மாணவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஆசிரியர் நிறுத்துமிடத்தில் நம்முடையதன்றி வேறு மிதிவண்டி கிடையாது.

இனிச் சொல்வது பெரியோர்களை நோக்கி. அப்பயணம் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "எங்களை ஏன் அழைக்கவில்லை?" என்றார். நம்மிடம் விடை இல்லை. அடுத்த மாதம் மாணவியரை வேனில் கல்லணைக்கு அழைத்துச் சென்றோம். யானைமேல் அமர்ந்த கரிகாலன் சிலையருகே படம் எடுத்துக்கொண்டு, போன வழியே திரும்பினோம். அது விடையன்று என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு மிதிவண்டியும் பெண்களிடம் சென்றது. கல்லுடைத்தோரும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் எனப் பல்லாயிரவர் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். முதலில் ஏளனம் செய்தோர் பின்னர் பழகிப்போயினர். அது நிகழ்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் மாணவியர் பலர் ஸ்கூட்டரில் கல்லூரிக்கு வருகின்றனர். அதற்கு எவரும் தடை கூறுவதில்லை. மிதிவண்டியில் ஆற்றங்கரைக்குச் செல்வதாகச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கின்றனர். தேவைக்குச் செல்வது தகும், காணச் செல்வது தகாது என்பதே உள்ளிருக்கும் கருத்தானால், அதனை வெளிப்படையாகச் சொல்லட்டும், அப்பொழுது வாதிடலாம்.

வரும் மார்கழியில் மாணவியருக்கெனத் தனியே ஒரு வட்டம் ஏற்பாடு செய்துள்ளோம். இரு பேராசிரியைகள் உடன் வர இசைந்துள்ளனர். பின்னால் ஒரு வேன் வரும். பதினொரு மாணவியர் பெயர் தந்திருக்கின்றனர். எழுவரின் பெற்றோர் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டனர். எஞ்சிய நால்வரின் தாள்களுக்காகக் காத்திருக்கிறோம்.