கல்மரம் யாருடைய சொத்து?

கண்டமங்கலத்திலிருந்து சங்கராபரணி ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் திருவக்கரை வரும். பௌர்ணமி இரவில் வக்கிரகாளியைக் காண வண்டி வண்டியாகப் போகும் கூட்டத்தை நாம் அறிவோம். அந்தக் கோயிலுக்கு அருகிலேயே, கம்பிவேலி போட்ட செம்மண் மேட்டில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கோயிலுக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்த வேலிக்குள் நுழைந்து பார்த்திருப்பார்கள்? பக்தர்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. நம் தோழர்களிலேயே எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

மரம் எப்படிக் கல்லாகும்? மந்திரத்தால் அல்ல. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் இம்மரங்களை வேறெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. காற்றுப் புகாத மண்ணுக்கடியில் மரம் மக்கவில்லை. மணலில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா, மரத்தின் நாரில் நுண்ணிய அளவாகப் புகுந்து இறுகியது. நார் போயிற்று, நாரின் வடிவம் கல்லில் நின்றது. இன்றும் அறுத்த மரம்போல வளையங்களைக் காணலாம். ஆனால் கிளை இல்லை, இலை இல்லை, பட்டை இல்லை. உருண்டு புரண்டு வந்த மரங்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மனித இனமே தோன்றாத காலத்தில் நடந்தது இது. எந்த மன்னன் வெட்டிய கல்வெட்டு இவ்வளவு பழமையானது?

இவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஒரு கதையும் உண்டு. கதை கட்டிய பாமரனை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கல்லைப் பார்த்தான், வியந்தான், தனக்குத் தெரிந்ததைக்கொண்டு விளக்கம் சொன்னான். மெய்யான விளக்கத்தை அவனுக்குத் தாய்மொழியில் எடுத்துச் சொல்லாமல் இருந்தவர்கள் மீதுதான் நமக்குக் கோபம்.

1781-இல் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு 159 ஆண்டுகள் கழித்து, 1940-இல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதைப் பூங்காவாக்கியது. பெயர் தேசிய கல்மரப் பூங்கா. பரப்பு 247 ஏக்கர். அதுவும் ஒரே நிலமல்ல, ஒன்பது துண்டுகள். அவற்றில் மக்கள் பார்க்கத் திறந்திருப்பது ஒரு சிறு பகுதிதான்.

வேலிக்குள் கிடப்பது பத்திரம். வேலிக்கு வெளியே? பூமிக்கு வேலி தெரியாது. சுற்றுவட்டாரத்து மணற்கல்லிலும் செம்மண்ணிலும் கல்மரத் துண்டுகள் பரவிக் கிடக்கின்றன. அதே வட்டாரத்தில்தான் கருங்கல் குவாரிகள், ஜல்லி உடைக்கும் கிரஷர்கள், செம்மண் வெட்டும் பள்ளங்கள். மேல்மண்ணை இயந்திரம் வாரி டிப்பர் லாரியில் கொட்டும்போது, மண்ணோடு வருவது 2 கோடி ஆண்டுச் சரித்திரமா, வெறும் கல்லா என்று யார் நின்று பார்க்கிறார்கள்? அழகான துண்டென்றால் பங்களாத் தோட்டத்துக்கு அலங்காரமாகிறது. அழகில்லாதது ரோட்டுக்கு அடியில் போகிறது.

கூலிக்கு மண் வெட்டும் தொழிலாளியின் கண்ணில்தான் அது முதலில் படும். அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், மண் லாரி காத்திருக்கும்போது மண்வெட்டியைக் கீழே வைக்க அவனுக்கு உரிமை ஏது?

2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் புவி மரபுச் சின்னங்களுக்கென ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த வரைவில் சின்னத்தை அறிவிப்பதும் நிலம் எடுப்பதும் டெல்லியின் கையில். சேதப்படுத்துவோருக்குச் சிறையும் அபராதமும். மாநிலத்துக்கும் ஊருக்கும் அதில் என்ன இடம்? நாளை தண்டனை வந்தால் பிடிபடப் போவது குத்தகை எடுத்த முதலாளியா, மண் அள்ளிய கூலியா? அனுபவம் நமக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் அரிசோனாவிலும் இப்படி ஒரு கல்மரக் காடு உண்டு. 1906-இலேயே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினார்கள். அங்கேயும் வேடிக்கை பார்க்க வந்த சீமான்கள் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியவர்களும் பலர். திரும்பி வந்த கற்களை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று தெரியாததால் ஒரு குவியலாகப் போட்டுவிட்டார்கள். இடம் பெயர்ந்த கல் சரித்திரம் சொல்லாது.

அவ்வளவு தூரம் எதற்கு? இதே சங்கராபரணி கடலில் கலக்குமிடத்துக்கு அருகே அரிக்கமேடு இருக்கிறது. ரோம் நாட்டோடு தமிழன் வாணிபம் செய்த துறை. 1945-இல் வீலர் அங்கே தோண்டுவதற்கு முன்பே, பழஞ்செங்கற்களில் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்துப் போய்விட்டார்கள்.

திருவக்கரைக்கு அந்தக் கதி வரக்கூடாது. பூங்காவைச் சுற்றியுள்ள நிலத்தில் குவாரிக்கும் செம்மண்ணுக்கும் அனுமதி தருமுன், கல்மரம் உண்டா என்று ஆராய்ந்து அறிக்கையை ஊராட்சியில் தமிழில் ஒட்டவேண்டும். வேலையில் கல்மரத்தைக் கண்டு சொல்லும் தொழிலாளிக்கு அன்றைய கூலி குறையாமல் பரிசும் தரவேண்டும். காவலுக்கும் வழிகாட்டலுக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளை நியமிக்கவேண்டும். ஒவ்வொரு மரத்தின் முன்னும் தமிழ் முதலிடம் பெறும் விளக்கப் பலகை வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. கண்டமங்கலம் ஒன்றியத்துக் கிளைச் செயலாளர்கள் இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் குவாரித் தொழிலாளர்களையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு திருவக்கரைக்குப் போய்வரட்டும். விஷயம் தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் மறக்காமல் அழைத்துச் செல்லட்டும்.