இசை வரலாறா, தேதிப் பட்டியலா?

இணையத்தில் இசை வரலாறு நடத்துபவர்களில் பலருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும் போலிருக்கிறது. முப்பது ஸ்லைடு, ஸ்லைடுக்கு ஒரு மேதை, பிறந்த வருடம், மறைந்த வருடம், முத்திரை. கடைசியில் ஒரு க்விஸ். ஒரு மணி நேர இசைப் பாடத்தில் ஒரு பாட்டுக்கூடக் காதில் விழாது! ஒரு ஜர்னல் என்ட்ரிகூடப் போடாமல், பாசியோலி 1494இல் புத்தகம் போட்டார் என்பதை மட்டும் உருப்போடச் சொன்னால் அதற்குப் பெயர் அக்கவுண்டன்சி வகுப்பா?

செய்யூரையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்யூர் செங்கல்வராய சாஸ்திரி (1810-1900) என்று ஒரு வாக்கேயக்காரர். ஸ்லைடில் அவருக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு வகுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரையோர ஊர்க்காரர் ஏன் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கீர்த்தனை செய்தார்? இந்தக் கேள்வியை முந்தின நாளே மாணவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் தஞ்சை நாயக்கர் அரண்மனையில் தெலுங்கு பெற்ற இடம் தானாகவே பேச்சில் வரும். 1941இல் சிதம்பரத்தில் கூடிய தமிழிசை மாநாடு வரும், 1943இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் வரும். அப்போது எதிர்த்தவர்கள் பக்கம் பாதி வகுப்பு, ஆதரித்தவர்கள் பக்கம் பாதி வகுப்பு என்று பிரித்து விட்டால் போதும். யாரும் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டார்கள்.

"ஆன்லைனில் பாட்டு சரியாகக் கேட்காதே" என்பார்கள். உண்மைதான். ஜூம் மாதிரியான செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒலிக்கும் தம்புரா சுருதியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். அதை நிறுத்த செட்டிங்ஸில் வழி இருக்கிறது, தேடுவாரில்லை. அதைவிட எளிது, பாட்டை எம்பி3 கோப்பாக முன்னாலேயே அனுப்பிவிடுவது. இரண்டு மணி நேர வீடியோவுக்கு ஆகும் டேட்டாவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தம்பியோடு ஒரே போனைப் பங்கு போடும் மாணவனும் கேட்டுவிடலாம்.

பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு ஒன்றை அனுப்பி, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். கச்சேரியில் அரை மணி நேரம் விரியும் ராகம் இங்கே ஏன் ஓட்டமாக ஓடுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

"இப்படி நடத்தினால் சிலபஸ் முடியாது" என்பது அடுத்த சாக்கு. முப்பது பேரைப் பத்தாகக் குறைத்தால் முடியும். என்ன, அந்தப் பத்துப் பேரின் பாட்டையாவது ஆசிரியர் முதலில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். சிக்கல் அங்கேதானோ என்னவோ!